பொழுதுபடும் நேரம் ஒரு படம்

மட்டக்களப்பில் சூரியன் உதிப்பது கடலில். மறைவது வாவிப் பக்கம். மாலையில் கைத்தொலைபேசியோடு வாவிக்கரைக்குப் போவது எனது பொழுதுபோக்கு. எமது பெண்கள் குழுவிலும் சிலர் இதைப் பழகுகிறார்கள். "கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியும் வானம் படத்தில் ஏன் வெளிறிப்போகிறது அக்கா?" என்பதே அவர்களது முதற் கேள்வி.

இருண்ட கரையையும் காட்ட முயன்று கமரா முழுப் படத்தையும் வெளிச்சமாக்கிவிடுகிறது. திரையில் சூரியனை அண்டிய வானத்தை விரலால் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள், நிறம் திரும்பிவரும். நீரும் வானமும் சேரும் கோடு சரியாமல் பிடியுங்கள். விரலால் பெருப்பித்தால் படம் மங்கும். நடந்து கிட்டப் போங்கள். சூரியன் மறைந்ததும் வீடு திரும்பிவிடாதீர்கள். அடுத்த 10, 15 நிமிடங்களில்தான் பல நாட்களில் முகில்கள் நன்றாகச் சிவக்கும். இருட்டுமுன் வீடு சேர வசதியாக இருவராகப் போங்கள். இராணுவ முகாம்களைப் படமெடுக்க வேண்டாம்.

வெறும் வானத்தைவிட முன்னால் ஓர் உருவம் இருந்தால் படம் உயிர்பெறும். தோணி போதும். ஆனால் நான் சொல்வது, உங்கள் பிள்ளையை, அம்மாவை நிறுத்துங்கள். பக்கவாட்டில் திரும்பி நின்றால் நிழலுருவிலும் ஆளை அடையாளம் தெரியும்.

இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் கலியாண அல்பத்தையும் பிள்ளைகளின் படங்களையும் தொலைத்தவர்கள் எம்மில் பலர். அவற்றை மீட்க முடியாது. இன்று எடுப்பதையாவது காப்போம். நல்ல படத்தை அச்சிட்டு, பின்புறம் பெயரும் திகதியும் எழுதுங்கள். ஒரு பிரதியைச் சகோதரி வீட்டிலும் வையுங்கள்.