சிங்க் வாங்கப் போறீங்களா? இதெல்லாம் தெரியுமா?

துப்பாக்கிக் குழல் தேயாமல் இருக்க வழி தேடிய ஒருவரால்தான் உங்கள் வீட்டு சிங்க் பளபளக்கிறது, தெரியுமா? இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம், 1913ஆம் ஆண்டு. ஹாரி பிரியர்லி என்ற உலோக ஆய்வாளர் உருக்கில் ஏறக்குறைய 13 சதவீதம் குரோமியம் கலந்து பார்த்தார். துப்பாக்கி கிடக்கட்டும், துருப்பிடிக்காத கத்தி கிடைத்துவிட்டது! அந்த வம்சத்தில் வந்ததுதான் நாம் எவர்சில்வர் என்று செல்லமாகக் கூப்பிடும் சமாசாரம்.

துருவைத் தடுப்பது எது தெரியுமா? மேலே படர்ந்திருக்கும் குரோமியம் ஆக்சைடு ஏடு. பாலாடை மாதிரி என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஒரு மில்லிமீட்டரில் சில லட்சத்தில் ஒரு பங்குதான் அதன் கனம்! கரண்டி பட்டுக் கீறினால், காற்றிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடித்துத் தானே ஆறிக்கொள்ளும். உப்பு வகையறாவிடம்தான் அதற்குப் பயம். ஊறுகாய் ஜாடி கழுவிய தண்ணீர் ராத்திரி முழுக்கத் தேங்கினாலும், ப்ளீச்சிங் பவுடரோ ஆசிட்டோ ஊற்றித் தேய்த்தாலும் புள்ளி புள்ளியாகக் குழி விழும்.

சமையலறையை இடித்துக் கட்டும்போது நானும் கடை ஏறினேன். கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்துத் தொட்டியில் வைத்தார். ஒட்டவில்லை. “304 சார், ஒரிஜினல்” என்றார். மயங்கித்தான் போனேன். ஆனால் 202 என்ற மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது, தெரியுமா? 304இல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸை ஏற்றியிருப்பார்கள். துருவைத் தாங்கும் சக்தியும் கூடவே இறங்கிவிடும். காந்தத்துக்கு இந்த வித்தியாசம் புரியாது. இன்னும் வேடிக்கை, அசல் 304ஐ அச்சில் வைத்து அழுத்தி வளைத்த மூலைகளில் காந்தம் லேசாக ஒட்டவும் செய்யும்! ஆகவே காந்தத்தை நம்பாமல், பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள்.

“22 கேஜ், நல்ல ஹெவி” என்று சொன்னால் சிரித்துவிடாதீர்கள். கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும்! 16 கேஜ் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். 22 கேஜ் அதில் ஏறக்குறைய பாதி. தொட்டியைக் கவிழ்த்தும் பாருங்கள். அடியில் ரப்பர் பட்டை ஒட்டியிருந்தால் பாத்திரம் விழும்போது ஊரைக் கூட்டாது.

கடப்பாக் கல் ஒரு வகைச் சுண்ணாம்புக் கல் என்பது தெரியுமா? எலுமிச்சையும் புளியும் அதை மெல்ல மெல்ல அரித்துவிடும். ரசம் வைக்கும் வீட்டில் சிங்க்கைச் சுற்றி அதைப் பதித்தால், கல்லுக்கும் புளிக்கும் தினம் தினம் சண்டைதான். கிரானைட் அப்படியில்லை.

இனி சிங்க்குக்குக் கீழே குனியுங்கள். நம் வீடுகள் பலவற்றில் நெளிநெளிக் குழாய் ஒன்று நேராகத் தரைத் துளைக்குள் போய்விடும். நாற்றமும் கரப்பானும் ஏறி வருவதற்கு அதுவே ராஜபாட்டை. பாட்டில் ட்ராப் போடச் சொல்லுங்கள். அதில் எப்போதும் தேங்கி நிற்கும் கொஞ்சம் தண்ணீர்தான் கதவு! வளைந்த குழாயில் தண்ணீரை நிறுத்தி நாற்றத்தைத் தடுக்கும் இந்த உத்திக்கு 1775இல் லண்டனில் காப்புரிமை வாங்கிய அலெக்சாண்டர் கம்மிங், தொழிலால் கடிகாரம் செய்பவர். கழிப்பறைக்காகச் செய்தது, அடுப்படிக்கும் வந்துவிட்டது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் வீடு நாறுகிறதா? கதவுத் தண்ணீர் வற்றிவிட்டது. ஒரு சொம்பு ஊற்றினால் தீர்ந்தது.

வடித்த கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்கக் கொட்டுகிறவர்களா நீங்கள்? சுமார் 80 டிகிரியிலேயே பிவிசி குழாய் இளகத் தொடங்கும்! பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே ஊற்றுங்கள்.

இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஒரு விஞ்ஞானமே பிறந்தது, தெரியுமா? ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் போக்கெல்ஸ் என்றொரு பெண். பிறந்தது 1862. பெண்களைப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளாத காலம். நோயாளிப் பெற்றோரைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருந்தவர், எண்ணெயும் சோப்பும் பட்டதும் தண்ணீரின் மேற்பரப்பு மாறுவதைக் கவனித்தார். கவனித்ததோடு விடவில்லை. ஒரு தகரத் தொட்டியும் ஒரு பொத்தானும் வைத்து மேற்பரப்பு இழுவிசையை அளக்கும் கருவியையே செய்துவிட்டார்! 1891 ஜனவரியில் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். ராலே அதை ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்ப, மார்ச் மாதமே அச்சேறியது. பின்னால் நோபல் பரிசு வாங்கிய மனிதர், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கடிதத்தைக் குப்பையில் போடாமல் இருந்தாரே, அதற்கே ஒரு கும்பிடு.

கதை அங்கேயும் நிற்கவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் விழும் இடத்தைச் சுற்றி வழவழவென்று ஒரு வட்டம், அதன் விளிம்பில் சட்டென்று ஒரு மேடு, தினமும் பார்க்கிறீர்கள் இல்லையா? 1914இல் அதற்கு விளக்கம் எழுதியவரும் அதே ராலேதான்! புவியீர்ப்பை வைத்தே கணக்குப் போட்டு வந்தார்கள். 2018இல் கேம்பிரிட்ஜின் ராஜேஷ் பகத்தும் கூட்டாளிகளும், இந்த மெல்லிய வட்டத்தில் புவியீர்ப்புக்கு வேலையில்லை, மேற்பரப்பு இழுவிசைதான் காரணம் என்றார்கள். மற்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். ஆக்னஸ் அம்மையார் தகரத் தொட்டியில் அளந்த அதே விசையை வைத்து இன்னும் வாக்குவாதம்!

சரி, நான் எதை வாங்கினேன்? கடையில் தொட்டிக்குள் ஒரு செம்பருத்திப்பூ வைத்து அழகு காட்டியிருந்தார்கள். வீட்டில் நாம் வைக்கப்போவது பூவையா? மறுநாள் எங்கள் வீட்டிலேயே பெரிய பாத்திரமான இட்லிக் கொப்பரையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். மூன்று தொட்டிகளில் கைப்பிடி இடித்தது. நான்காவதில் கொப்பரை உட்கார்ந்தது. திருப்பிப் பார்த்தேன், சுற்றவும் செய்தது.