மண்மூடையும் அதிர்ச்சி அலையும்

2008 ஆம் ஆண்டில், வன்னியில் நான் கற்பித்த பாடசாலையின் வளவிலே மாணவருடன் சேர்ந்து பதுங்குகுழி வெட்டினோம். மேலே பனங்குற்றிகளை அடுக்கி, அவற்றின்மீது மண்மூடைகளைப் பரப்பினோம். "சேர், கையாலே அள்ளினால் உதிர்ந்துபோகிற மண் எப்படி எங்களைக் காக்கும்?" என்று ஒரு சிறுவன் வினவினான். "காக்கும்" என்று மட்டுமே அன்று சொன்னேன். அவனுக்குச் சொல்லாத விடையை வென்ட்வேர்த்வில் மாணவச் செல்வங்களுக்கு இம்மலரிலே கூற விழைகின்றேன்.

உருக்கினுள் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 6 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். பொருளொன்று மிகக் கடுமையாகத் தாக்கப்படும்போது, அதன் ஒலிவேகத்தையும் விஞ்சிப் பாயும் அமுக்கமே அதிர்ச்சி அலை. அவ்வலை என்னவாகும் என்பதைப் பொருளின் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. உள்ளேயுள்ள மணிகள், படைகள், இடைவெளிகள் ஆகியவற்றின் அமைப்பும் தீர்மானிக்கின்றது. இதனையே நுண்கட்டமைப்பு என்பர். மணலில் மணிகளுக்கிடையே காற்றிடம் உண்டு. அலை தாக்கியதும் மணிகள் நெருங்கி, உராய்ந்து, சில நொருங்குகின்றன. சக்தி வெப்பமாகச் செலவாகின்றது.

திருச்சிராப்பள்ளி மண்டலப் பொறியியற் கல்லூரியில் 1981 இல் பட்டம் பெற்று, பின்னர் அமெரிக்காவின் கல்ரெக் நிறுவனத்திற் பேராசிரியரான குருசுவாமி இரவிச்சந்திரன் இத்துறையில் ஆராய்ந்தவர். அவரும் இணையாளர் இருவரும் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், பொலிகாபனேற்றுத் தகடுகளை உருக்கு, கண்ணாடி போன்றவற்றுடன் மாறிமாறி அடுக்கி, வேகமாக வரும் தகட்டினால் மோதச் செய்தனர். படைகளின் எல்லைதோறும் அலை ஒருபகுதி திரும்பிச் சிதறியது. இதனால் அடுக்கினூடாக அதிர்ச்சி அலை, அதன் கூறுகள் எதனுள்ளும் செல்வதைவிட மெதுவாகச் செல்லக்கூடும் என்று கண்டனர்! இரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தையே நான் எதிர்பார்த்திருப்பேன்.

ஒவ்வோர் அடுக்கையும் செய்து உடைத்துப் பார்ப்பது பெருஞ்செலவு. ஆகவே விஞ்ஞானிகள் பொருளின் நுண்கட்டமைப்பைக் கணனியில் வரைந்து, சிறு சிறு துண்டங்களாகப் பிரிக்கின்றனர். திணிவு, உந்தம், சக்தி ஆகியவற்றின் காப்பு விதிகளை ஒவ்வொரு துண்டத்துக்கும் பிரயோகித்து, செக்கனின் நூறுகோடியில் ஒரு பங்கிலும் குறுகிய இடைவெளிகளில் அலையை நகர்த்துகின்றனர். படையின் தடிப்பை மாற்றினால் என்ன நிகழும், இடைவெளியைக் கூட்டினால் என்ன நிகழும் எனக் கணித்து, சோதனையோடு ஒப்பிட்டபின்னரே அதனை ஏற்பர்.

நேராக மேலே விழும் எறிகணையிலிருந்து எமது குழி எவரையும் காத்திராது. அருகில் விழுவதன் சிதறுதுண்டுகளுக்கும் அதிர்வுக்குமே மண்மூடை. அதிலும் ஒன்று: மணலின் இடைவெளிகளை நீர் முற்றாக நிரப்பிவிட்டால் அது எளிதில் நெருங்காது, அலையை உலர்ந்த மணலைப்போல் தணிக்கவும் மாட்டாது. அந்த மாரியில் ஊறிய மூடைகளை நாம் மாற்றவில்லை.