மின்னூல் படிக்க எந்தக் கருவி?

கொல்லிமலையின் அரியூர் நாட்டிலே குடும்பங்களைச் சந்திக்கச் செல்லுகையில், அண்மைக் காலமாக ஒரு கேள்வி நம்மிடம் அடிக்கடி எழுப்பப்படுகின்றது. "சாமி, புத்தகம் படிக்கிறதுக்கென்றே ஒரு கருவி இருக்கிறதாமே, பிள்ளைக்கு வாங்கலாமா?" மிளகும் காப்பியும் விற்ற பணத்தில் பல ஆயிரம் ரூபாயை ஒதுக்கி வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்வி இது. ஒரே சொல்லில் விடை கூறி நகர்ந்துவிட நமக்கு மனம் வரவில்லை.

கடைகளில் இருவகைக் கருவிகள் உள. ஒன்று, டேப்லெட். இதன் திரை கைபேசியைப் போல் தானே ஒளிவிடுவது. படம், பாட்டு, விளையாட்டு அனைத்தும் இதில் வரும். மற்றொன்று, கிண்டில், கோபோ போன்ற மின்னூல் வாசிப்பான். இதன் திரைக்குள் நுண்ணிய குமிழ்கள் நிறைந்துள்ளன; அவற்றினுள் கறுப்பும் வெள்ளையுமான துகள்கள் மின்விசையால் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. பக்கம் திருப்பும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவை. ஆகவே ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் உழைக்கும். காற்றுமழையில் மின்சாரம் நின்றுபோகும் மலையூர்களுக்கு இது சிறிய நன்மையன்று. தாளைப் போலவே வெயிலிலும் தெளிவாகத் தெரியும்.

அப்படியானால் பிள்ளைக்கு வாசிப்பானே சிறந்ததா? பள்ளிப் பாடநூலுக்காக எனில், இல்லை என்றே சொல்லுவோம். நம் மாநிலப் பாடநூல்கள் பெரிய பக்கமும் வண்ணப் படங்களும் கொண்டவை. ஆறு அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரையில் அவற்றின் எழுத்து எறும்பாகிவிடும். அதற்கு டேப்லெட்டே ஏற்றது; ஆனால் பெற்றோரின் கண் அதன்மேல் இருத்தல் வேண்டும். கதை, வரலாறு, செபநூல், விவிலியம் ஆகியவற்றை ஊன்றிப் படிக்க விழைவோருக்கு வாசிப்பான் உகந்தது. கண் மங்கிய தாத்தா பாட்டியர் எழுத்தை வேண்டுமளவு பெரிதாக்கிக்கொள்ளலாம். பெரிய எழுத்து விவிலியத்தின் கனத்தை மடியில் தாங்கியவர்களுக்கே இதன் அருமை விளங்கும்!

வாங்குமுன் தமிழைச் சோதித்துப் பாருங்கள். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு தெளிவாக விளங்கும்படி எழுத்து வடிவைத் திருத்தித் தந்தவர் நம் வீரமாமுனிவர். அவர் அரும்பாடுபட்டுச் சீராக்கியதைச் சில கருவிகள் நொடியில் குலைத்துவிடுகின்றன. 'கொக்கு' என்னும் சொல்லில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னே போய் நின்றாலும், எழுத்துக்குப் பதில் வெறுங்கட்டங்கள் தோன்றினாலும், அக்கருவி எவ்வளவு மலிவாயினும் நமக்கு வேண்டாம். கிண்டிலுக்கென அமேசான் நிறுவனம் 2016-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து தமிழ் நூல்களை விற்று வருகின்றது.

நூல்களுக்கு எங்கே போவது? 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக அளிக்கின்றது. தேம்பாவணியும் அங்கு உண்டு. திரைக்கேற்ப வரிகளை மடித்துத் தரும் இ-பப் கோப்பே வாசிப்பானுக்கு ஏற்றது, பி.டி.எப். கோப்பின் பக்கம் அவ்வாறு மடங்காது. கோபோ இ-பப் கோப்பை நேரே திறக்கும். கிண்டிலுக்கோ அந்நிறுவனத்தின் சேவை வழியாக இணையத்தில்தான் அனுப்புதல் வேண்டும். ஆகவே சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்துக்குச் செல்லும் நாளிலேயே சில நூல்களை இறக்கி வைத்துக்கொள்வது நலம். பிறர் உழைப்பில் உருவான புது நூல்களைத் திருட்டுப் படியாகக் கைபேசிக் குழுக்களில் பரிமாறுவதும் ஏழாம் கட்டளைக்குள் அடங்கும் என்பதை இளைஞர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

கையிலுள்ள பணம் முழுவதையும் கடையில் கொடுக்குமுன் ஒன்று செய்யலாம். மேற்சொன்ன நூல்கள் யாவும் வீட்டிலுள்ள கைபேசியிலேயே இலவசச் செயலி வழியே திறக்கும். பிள்ளை ஒரு மாதம் அதில் படிக்கட்டும். ஒரு நூலையேனும் கடைசிப் பக்கம்வரை முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்டால், அப்போது வாசிப்பான் வாங்குங்கள்.