உழவு எழுப்பும் களை

சின்னசேலம் பக்கம் மானாவாரி மக்காச்சோளக் கொல்லையில், முதல் மழை பெய்து பத்து நாள் கழித்துக் குனிந்து பாருங்கள். பயிரை முந்திக்கொண்டு சாரணையும் பார்த்தீனியமும் நிற்கும். மழைதான் கிளப்பிவிட்டது என்போம். அது பாதி உண்மை.

அதே மழையில் நனைந்தும் முளைக்காமல் கிடக்கும் விதைகள் ஏராளம். சின்ன விதைக்குள் இருக்கும் உணவு கொஞ்சம். ஆழத்தில் முளைத்தால் வெளிச்சத்தைக் காணும் முன்பே நாற்று செத்துப்போகும். பார்த்தீனியம் 5 செ.மீ. ஆழத்துக்குக் கீழிருந்து தலைகாட்டுவது அபூர்வம். அதனால் மேல்மண்ணுக்கு வந்துவிட்டோமா என்பது விதைக்குத் தெரிந்தாக வேண்டும். பகல் சூட்டுக்கும் இரவுக் குளிர்ச்சிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தகவல். ஆழத்தில் அது மங்கிவிடும்.

இன்னொரு தகவல் வெளிச்சம். 1952-ல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் லெட்யூஸ் விதைகளுக்குச் சிவப்பொளி காட்டினார்கள், முளைத்தன. சிவப்பொளியை அடுத்து உடனே அகச்சிவப்பை ஒட்டிய தொலைசிவப்பொளியைக் காட்டியபோது முளைக்காமல் உறங்கின. கடைசியாக எது பட்டதோ அதுவே செல்லும். இதைச் செய்யும் நிறமிக்கு ஃபைட்டோகுரோம் என்று பெயர். பச்சை இலை சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விடுகிறது. மக்காச்சோளம் இலை மூடியபின் புதுக் களை குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்ணுக்குள் வெளிச்சம் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். கலப்பை கட்டியைப் புரட்டும்போது விதைமேல் கண்சிமிட்டும் நேரம் வெயில் பட்டாலே பல களைகளுக்குப் போதும். விதை எத்தனை காலம் தாங்கும் என்று பார்க்க, மிச்சிகனில் 1879-ல் தாவரவியலாளர் வில்லியம் பீல் போத்தல்களில் புதைத்த விதைகளில் ஒரு பகுதியை, மண்ணில் மிச்சமிருப்பவற்றின் மேல் வெளிச்சம் படக் கூடாதென்றே 2021-ல் விடியுமுன் இருட்டில் தோண்டினார்கள். 142 வருடம் கழித்தும் சில முளைத்தன! ஜெர்மனியில் 1990 வாக்கில் இரவில் உழுது பார்த்ததில் களை வெகுவாகக் குறைந்தது. பிற இடங்களில் அந்த அளவுக்குப் பலன் இல்லை. கோரைக்கு இதெல்லாம் பொருட்டே அல்ல, அது கிழங்கிலிருந்து வருவது.

ஆகவே, எழுப்பிவிட்டு அழிப்பதே நல்லது என்பேன். மழைக்குப் பின் உழுது, களை முளைக்கவிட்டு, மேலோட்டமாகக் கீறி அழித்த கையோடு விதைக்க வேண்டும். மறுபடி ஆழமாக உழுதால் புதிய விதைகள் மேலே வந்துவிடும். கல்வராயன் மலைச்சரிவில் சாமையைத் தூவி விதைப்பதால் வரிசை கிடையாது. பெண்கள் உட்கார்ந்து கையால்தான் பிடுங்குகிறார்கள். அந்த வேலையில் பாதி குறைந்தாலும் பெரிது. ஆனால் காத்திருக்கும் நாட்களில் மேல்மண் ஈரம் போய்விடும். அடுத்த மழை தள்ளிப்போனால் விதைப்பே பிந்தும். ஓரளவு ஈரம் பிடிக்கும் செம்மண் கொல்லையில் ஒரு பகுதியில் மட்டும் முதலில் செய்து பார்க்கலாம்.