ரந்தாவ் வழக்கும் வாக்கின் காவலும்

மலேசியாவின் ரெம்பாவ் நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்கும் ரந்தாவ் சட்டமன்றத் தொகுதியில், தேர்தல் ஆணையம் வழங்கும் நுழைவு அட்டை இல்லையென்று 2018 ஏப்ரல் 28 அன்று வேட்புமனு தாக்கல் செய்ய வந்த டாக்டர் ஸ்ரீராம் சின்னசாமி வேட்புமனு மையத்துக்குள் விடப்படாததால், முகமட் ஹசான் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டார். அம்முடிவு செல்லாதென்ற தேர்தல் நீதிமன்றத் தீர்ப்பை 2019 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஏப்ரல் 13 இடைத்தேர்தலில் முகமட் ஹசானே வென்றார் என்றாலும், வாக்காளர்கள் தாங்கள் தேர்ந்தெடுக்காத உறுப்பினருடன் ஏறத்தாழ ஓராண்டைக் கழித்தது சிறிய இழப்பன்று.

மலேசிய அரசியலமைப்பு மாநிலச் சட்டமன்றத் தேர்தலையும் கூட்டரசுப் பொறுப்பாக்கி, மாமன்னர் நியமிக்கும் இதே தேர்தல் ஆணையத்திடம் ஒப்படைக்கிறது. ஒருவர் இருமுறை வாக்களிப்பதைத் தடுக்கும் அழியா மையை, 2008இல் வாக்களிப்புக்குச் சில நாள்களே இருக்கையில் கைவிட்டதும் அதே ஆணையந்தான். மாநில மக்களிடம் எவரும் கேட்கவில்லை. இந்நிலையில், வாக்களிப்பு மையத்திலேயே எண்ணி முடித்ததும் வேட்பாளர்களின் முகவர்கள் கையொப்பமிட்டுப் பெறும் எண்ணிக்கைப் பதிவான 14ஆம் படிவம், சாதாரண மக்கள் தரப்பில் இருக்கும் உறுதியான தணிக்கைச் சான்றாகும். அப்படிவங்களை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் அதிகாரம், கூட்டரசிடம் மட்டும் குவியாமல், மாநில அளவில் இயங்கும் சுயேச்சைக் குழுவுக்கும் சட்டப்படி வழங்கப்பட வேண்டும்.