ஏலாதியும் எங்கள் அஞ்சறைப் பெட்டியும்

பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று நூல்களுக்கு மருந்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்: திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி. பள்ளிக்கூடத்தில் பெயரை மனப்பாடம் செய்து மார்க்கு வாங்குவதோடு நம்மில் பலருக்கு அந்த உறவு முடிந்துபோகிறது. உல்லாஸ்நகரில் மளிகைக் கடை வைத்துப் பிழைக்கிற எனக்கோ இவை முதலில் சரக்காகத்தான் அறிமுகம்; பாட்டாகப் படித்தது பிறகுதான். எளிய கைவைத்தியமும் உணவுக் குறிப்பும் எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, இங்கிருந்தே தொடங்கலாம் என்று தோன்றியது.

திரிகடுகம் என்றால் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த கார மருந்து. நல்லாதனார் அந்தப் பெயரில் நூறு வெண்பா பாடி, ஒவ்வொன்றிலும் மும்மூன்று பொருளை அடக்கினார். சிறுபஞ்சமூலம் ஐந்து வேர்கள்: கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி. வடமொழி மருத்துவர் சொல்லும் லகு பஞ்சமூலத்திலும் கண்டங்கத்திரியும் நெருஞ்சியும் உண்டு. தசமூலாரிஷ்டம் வாங்கிக் குடிக்கிறவர்கள் வயிற்றுக்குள் அவையும்தான் போகின்றன. இந்நூலைச் செய்தவர் காரியாசான். ஏலாதி கணிமேதாவியார் செய்தது. ஏலக்காய் முதலாக ஆறு சரக்கு. பின்னே சொன்ன இருவரும் சமணர்கள். வேரைப் பிடுங்கினால் செடியின் உயிர் போகுமே என்று கிழங்கையே ஒதுக்குகிற மரபில் வந்த ஒருவர் தம் நூலுக்கு 'மூலம்' என்று பெயர் வைத்தது எனக்கு நெடுநாள் வியப்பு. சமணம் சொல்லும் நான்கு தானங்களில் ஔஷத தானமும் ஒன்று, ஆகவே மருந்துக்குத் தனி நியாயம் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

மருந்து உடல் நோயைத் தீர்ப்பதுபோல இந்நூல்கள் உள்ள நோயைத் தீர்க்கும் என்று உரையாசிரியர்கள் எழுதுகிறார்கள். சரிதான். ஆனால் வியாபாரி கண்ணுக்கு வேறொன்று படுகிறது. ஏலாதிச் சூரணத்துக்குக் கணக்கு உண்டு. ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு, சிறுநாவற்பூ மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு. மொத்தம் 21 பங்கு. ஒரு பங்கை 5 கிராம் என்று வைத்தால், 105 கிராம் சூரணத்தில் ஏலக்காய் 5 கிராம்தான், சுக்கு 30 கிராம். பெயர் மட்டும் ஏலத்துக்கு! (சங்க விழாக்களிலும் இருபத்தொன்றில் ஒரு பங்கு கொடுத்தவர் பெயர்தானே கல்வெட்டில் முதலில் வருகிறது.) இந்தக் கணக்கை எடுத்துவிட்டால் அது ஏலாதி இல்லை, வெறும் மசாலாப் பொடி. மருந்தின் பெயரை நூலுக்கு வைத்தவர்கள் அளவையும் சேர்த்தேதான் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

இங்கே பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர் சொன்னால் கடையில் வாங்கத் தெரியாது. சுக்கு மராத்தியில் சுண்ட், இந்தியில் சோண்ட். திப்பிலி பிம்ப்ளி. மிளகு காளி மிரி. ஏலம் வேல்ச்சி அல்லது இலாய்ச்சி. கண்டங்கத்திரி ரிங்கணி, நெருஞ்சி கோக்ரூ. சிறுநாவற்பூ என்று கேட்டால் மாட்டுங்காவில்கூட விழிப்பார்கள். நாக்கேசர் என்று கேளுங்கள். அதிமதுரம் ஜேஷ்டமத், முலேட்டி. சீந்தில் குள்வேல், கிலோய். மஸ்ஜித் பந்தரிலோ வாஷி மசாலா மார்க்கெட்டிலோ மொத்தமாக எடுக்கும்போதும் இதே பெயர்கள்தான்.

உல்லாஸ்நகர்க்காரன் கலப்படத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிரிக்க வேண்டாம். 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்றால் உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்று பம்பாய் முழுக்கக் கேலி செய்த காலம் உண்டு. பிரிவினையில் வீடு வாசல் இழந்து வந்து, பழைய ராணுவ முகாமில் குடியேறி, ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்த 1949இல் பெயர் பெற்ற இந்த ஊரில் தொழில் செய்து நிமிர்ந்தவர்கள் அவர்கள். அந்தக் கேலியை அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். விஷயத்துக்கு வருகிறேன். மிளகில் பப்பாளி விதை கலப்பது பழைய வித்தை. தண்ணீரில் போட்டால் முற்றிய மிளகு அடியில் நிற்கும், பப்பாளி விதை மிதக்கும். பட்டையில் நல்லது மெல்லிய சுருள்களாக, ஏடு ஏடாக இருக்கும். தடித்து ஒரே மடிப்பாக இருப்பது சீனத்துப் பட்டை. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். நாள்தோறும் கூடுதலாகச் சேர்த்தால் ஈரலுக்கு ஆகாது. எதையும் பொடியாக வாங்காமல் முழுதாக வாங்கி வீட்டில் இடியுங்கள். எனக்கு அதில் லாபம் குறைவுதான். மழைக்காலத்தில் சுக்கும் திப்பிலியும் சீக்கிரம் வண்டு விழும், பூஞ்சணம் பிடிக்கும். ஜூனுக்கு முன்பே வெயிலில் காய வைத்துப் புட்டியில் அடைத்துவிட வேண்டும்.

எங்கள் நயினார் வீடுகளில் இஞ்சி உள்ளே வராது, சுக்கு வரும். ஈரக் கிழங்கில் எண்ணற்ற உயிர் உண்டு, காய்ந்தபின் அந்த விலக்கு இல்லை என்பது கொள்கை. மஞ்சளும் அப்படியே. இதில் சமையலறைக்கு ஒரு பாடம் இருக்கிறது. இஞ்சி காயும்போது அதன் காரச் சத்து மாறி இன்னும் உறைப்பாகிறது. இஞ்சித் துருவல் போட்ட கரண்டியால் அதே அளவு சுக்குப் பொடியை அள்ளிப் போட்டுவிட்டு, "அண்ணாச்சி, நெஞ்சு எரியுதே" என்று கடைக்கு வருகிறவர்கள் உண்டு. (அண்ணாச்சி என்பது திருநெல்வேலிக்காரர்கள் எனக்குத் தந்த பட்டம். நான் வந்தவாசிப் பக்கத்தவன் என்று சொல்லி ஓய்ந்துவிட்டேன்.) ஒரு டம்ளர் சுக்குத் தண்ணீருக்குக் கால் தேக்கரண்டிப் பொடி போதும். சுக்கின் மேல்தோலைச் சீவிவிட வேண்டும் என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்.

அதே போலத் தேனும் எங்களுக்கு ஆகாது. திரிகடுகச் சூரணத்தைத் தேனில் குழைத்துச் சாப்பிடு என்று எல்லா வைத்தியரும் சொல்வார்கள். நாங்கள் வெல்லத்திலோ நெய்யிலோ குழைப்போம். இது எங்கள் பிடிவாதம் மட்டும் இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் ராஷ்டிரகூடர் நாட்டில் உக்ராதித்யாசாரியர் என்ற சமண முனிவர் கல்யாணகாரகம் என்று ஒரு மருத்துவ நூலே செய்தார். மாமிசம், மது, தேன் மூன்றையும் விலக்கி எழுதிய நூல் அது. நம் மகாராஷ்டிரத்துச் சோலாப்பூரில் 1940இல் அச்சேறியது. மற்றவர்கள் தாராளமாகத் தேன் சாப்பிடட்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் யாருமே தொட்டுத் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து சிசுவின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சைச் சுரக்கும் என்று இன்று குழந்தை வைத்தியர்கள் அனைவரும் எச்சரிக்கிறார்கள். சேனை வைக்கிற வழக்கம் உள்ள வீடுகளில் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி மிளகுக்கும் திப்பிலிக்கும் உள்ள ஒரு விசேஷம். இரண்டிலும் பைப்பரின் என்ற காரப் பொருள் இருக்கிறது. அது மற்ற மருந்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ரத்தத்துக்குள் போகும். 1998இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் மஞ்சளின் சத்தோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மனித உடலில் அது 20 மடங்கு அதிகம் சேர்ந்தது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினோடு பைப்பரின் சேர்த்தால் குறைந்த அளவே போதும் என்று ஜம்மு ஆய்வுக்கூடத்தார் கண்டது மாத்திரையாகவே வந்தது. மஞ்சள் பாலில் இரண்டு மிளகைத் தட்டிப் போட்ட நம் பாட்டிமார் கெட்டிக்காரிகள். ஆனால் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். மஞ்சளைத் தூக்குகிற மிளகு, நீங்கள் விழுங்குகிற வலிப்பு மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் சேர்த்துத்தான் தூக்கும். குழம்பில் போடுகிற மிளகுக்குப் பயப்பட வேண்டாம். மருந்தாகக் கரண்டி கரண்டியாய் எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் கற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2020 கொரோனாக் காலத்தில் ஊரே கஷாயத்தில் மிதந்தது. துளசி, பட்டை, மிளகு, சுக்கு, திராட்சைக் கஷாயத்தை நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு வேளை குடிக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் சொன்னது. ஒன்று அல்லது இரண்டு என்பது யார் காதிலும் விழவில்லை, என் காதிலும்தான். எங்களோடு இருக்கும் என் அக்காவுக்கு வறட்டு இருமல். கடையில் சரக்கு இருக்கிறது, படிப்பும் இருக்கிறது என்ற திமிரில் திரிகடுகத்தோடு அதிமதுரத்தையும் தாராளமாகச் சேர்த்து மூன்று வேளையும் காய்ச்சிக் கொடுத்தேன். இருமல் அடங்கியது. நான் நிறுத்தவில்லை, இயற்கைதானே, எதிர்ப்புச் சக்தி வரட்டுமே என்று ஒன்றரை மாதம் ஓட்டினேன். முகம் வீங்கியது, கால் வீங்கியது, மாடிப்படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். பிரஷர் 190. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறவளுக்கு எப்படி என்று டாக்டரம்மா வேறு என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். "மருந்து ஒண்ணும் இல்லைம்மா, கஷாயம்தான்" என்றேன்.

அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அதிமதுரத்தின் இனிப்புச் சத்து உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, பிரஷரை ஏற்றும். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் தரைமட்டம். அதிமதுரத்தை நிறுத்தி, பொட்டாசியம் கொடுத்து, சில வாரங்களில் தேறினாள். "நீ படிச்ச புஸ்தகத்துல இதெல்லாம் போடலையாடா தம்பி?" என்று ஒரு நாள் கேட்டாள்.

போட்டிருக்கிறதே. திருக்குறள் 95ஆம் அதிகாரம், மருந்து. (வள்ளுவர் எங்கள் பொன்னூர் மலைக்காரர் என்று நாங்கள் உரிமை கொண்டாடுவது உங்களுக்குத் தெரியும், அந்த வழக்கை இங்கே எடுக்கவில்லை.) மருந்து என்று தலைப்புப் போட்டுப் பத்துக் குறள் எழுதியவர் ஒரு மூலிகையின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஆறு குறள் சாப்பாட்டைப் பற்றியே பேசுகின்றன: முன்பு உண்டது செரித்ததா, பசி வந்ததா, அளவு தெரிகிறதா என்று. கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய் என்றுதான் தொடங்குகிறார். வைத்தியனுக்குச் சொல்லும்போதும், நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் மூன்றையும் பார் என்கிறார். நான் நோயின் அளவை மட்டும் பார்த்தேன். எழுபது வயதுக்காரி, பிரஷர்காரி என்ற நோயாளியின் அளவைப் பார்க்கவில்லை.

நான் மட்டும் இல்லை. 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை சீந்தில் சாப்பிட்டு ஈரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஒப்பவில்லை. சீந்தில் போலவே தோன்றும் வேறு கொடியாக இருக்கலாம் என்றது. இருக்கலாம். அப்படியானால் வேலியில் படர்ந்ததை அறுத்துவந்து சாறு பிழியாதீர்கள் என்பதற்கு அது இன்னொரு காரணம். சுரைக்காய்ச் சாறும் அப்படியே. 2010இல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து ஒரு விஞ்ஞானி இறந்தே போனார். சுரைக்காயை நறுக்கியதும் ஒரு துணுக்கை நாக்கில் வையுங்கள். கசந்தால் காசு போனாலும் குப்பையில் போடுங்கள். 'கசப்பு நல்லது' என்பது பாகற்காய்க்குத்தான்.

செலவில்லாத இரண்டு பழக்கங்களைச் சொல்ல ஆசை. எங்களில் அந்தி சாய்வதற்குள் உண்டு முடிப்பார்கள். கல்யாண் லோக்கலில் தொங்கிக்கொண்டு ஒன்பது மணிக்கு வீடு சேருகிற உங்களிடம் இதை அப்படியே சொல்வது அநியாயம். மதியச் சாப்பாட்டைக் கனமாக்கி, ஆறு மணிக்கு ஆபீசிலேயே இரண்டு சப்பாத்தியை முடித்துவிட்டு, வீட்டில் மோரோடு நிறுத்துகிறவர்களை நான் அறிவேன். பத்து மணிக்குப் பிரியாணி சாப்பிடுகிறவர்களைவிட அவர்கள் என் கடையில் ஓமமும் பெருங்காயமும் குறைவாகவே வாங்குகிறார்கள். இரண்டாவது, தண்ணீரை வடிகட்டுவது. எங்கள் ஆச்சி கெட்டித் துணியில் வடித்து, துணியில் தங்கிய உயிர் சாகக்கூடாதென்று அந்தத் துணியைக் கிணற்று நீரிலேயே அலசிவிடுவார். வங்கதேசத்தில் 65 கிராமங்களில் பழைய சேலையை நான்காக மடித்துத் தண்ணீரை வடிக்கச் சொல்லிப் பார்த்ததில், காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வடித்த பிறகு கொதிக்கவும் வையுங்கள். கஷாயத்தின் பாதிப் புகழ் கொதிநீருக்குச் சேர வேண்டியது என்பது என் எண்ணம்.

அழகுக் குறிப்பும் கேட்டிருந்தார்கள். நாலடியாரைப் பாடிய எங்கள் முனிவர்கள் கூந்தலையும் மஞ்சளையும் தள்ளிவிட்டு அழகுப் பட்டத்தைக் கல்விக்குக் கொடுத்துவிட்டார்கள், ஆகவே நான் அதிகம் சொல்லக் கூடாது. பயத்தம்பருப்பு மாவு போதும். எங்கள் சிந்திக்காரர் வீடுகளில் முல்தானி மிட்டி. ஒரே வாரத்தில் சிவப்பாக்கும் பெயரில்லாத க்ரீம்களை மட்டும் தொடாதீர்கள்; 2023இல் கேரளத்துக் கோட்டக்கல் மருத்துவர்கள் அப்படிப் பூசியவர்களிடம் சிறுநீரக நோயைக் கண்டு, காரணம் பாதரசம் என்று சொன்னார்கள்.

இப்போது என் கடைப் பொட்டலங்களில் அளவு எழுதிய சீட்டு இருக்கும். கீழே தமிழிலும் இந்தியிலும் ஒரு கேள்வி: 'வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?' சிலர் கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போகிறார்கள். பிரஷர் மாத்திரை என்றால் நான் அதிமதுரம் கொடுப்பதில்லை, எதிர்க்கடையில் கொடுப்பார்கள். அக்கா ஒரே ஒரு வேளை சுக்குக் காப்பி குடிக்கிறாள். கால் தேக்கரண்டி அளவுக் கரண்டி ஒன்றை வாங்கி, என் கைக்கு எட்டாமல் தன் பெட்டியிலேயே வைத்திருக்கிறாள்.