புரண்டு படுத்தால் சுற்றுகிறதா?

கட்டிலில் புரண்டால் அறையே சுற்றுகிறது என்று எம்மவர் சொன்னால், "பிறஷர் கூடிவிட்டது" என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். தலையை அசைக்கும்போது மட்டும் வந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் சுற்றென்றால் காரணம் பெரும்பாலும் உட்காதில்தான். அங்குள்ள நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இடம்பெயர்ந்து, சமநிலையை உணர்த்தும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடுகின்றன.

இத்துகள்களைக் கண்ணால் கண்டவர்கள் எமக்கு அயலவர்களே. ஒன்ராறியோவின் லண்டன் நகர வைத்தியர்கள் பார்ன்ஸ், மக்குளூர் இருவரும் சத்திரசிகிச்சையின்போது கண்டதை 1992இல் வெளியிட்டனர். அதே ஆண்டு அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்ளி, தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகள்களைக் குழாயிலிருந்து உருட்டி வெளியேற்றும் முறையை வெளியிட்டார்.

மருந்தில்லை, ஊசியில்லை, சில நிமிட வேலை. 2014ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வில், எப்ளி முறை செய்தவர்களில் 56 வீதமானோருக்குச் சுற்று முற்றாக நின்றது. செய்யாதவர்களில் 21 வீதம்தான். பின்னர் திரும்பவும் வரலாம், திரும்பவும் செய்யலாம். குளிசை தலைச்சுற்றை மந்தப்படுத்துமேயன்றித் துகளை அகற்றாது.

எந்தக் காது என்பதைக் குடும்ப வைத்தியர் படுக்கவைத்துக் கண்ணசைவைப் பார்த்தே அறிவார். ஆகவே முதல்முறை அவரிடமே செய்விப்போம். கழுத்து நோவிருந்தால் முன்கூட்டியே சொல்லவேண்டும். சுற்றோடு நாக்குக் குழறினாலோ கை சோர்ந்தாலோ அது வேறு சங்கதி: உடனே 911.